கவர்னரை மாற்றும் முன் சார்ஜரைப் பாருங்கள்

லினக்ஸ் மடிக்கணினி மந்தமானால் கவர்னரை, அதாவது செயலியின் வேகத்தை ஆளும் அமைப்பை, 'பெர்ஃபார்மன்ஸ்' நிலைக்கு மாற்றினால் போதும் என்கிறது உங்கள் கட்டுரை. எல்லாருக்கும் அது பொருந்தாது. பட்டர்வொர்த்தில் என் மகளின் மடிக்கணினி இரண்டு வாரம் 400 மெகாஹெர்ட்ஸிலேயே முடங்கிக் கிடந்தது. ஒரு பக்கத்தை உருட்டினாலே எழுத்துகள் தடுக்கித் தடுக்கி வந்தன. கவர்னரை மாற்றியும் அசையவில்லை. இன்டெல் செயலிகளின் வேகத்தை நிர்வகிக்கும் பி-ஸ்டேட் இயக்கியின் 'பவர்சேவ்' கவர்னர், வேகத்தை அடியிலேயே கட்டிப்போடும் பழைய பவர்சேவ் அல்ல. வேலைக்கேற்ப ஏற்றித் தரும். அதன் மேல் பழி போடுவது தவறு.

செயலியின் வேகத்தையும் வெப்பத்தையும் காட்டும் டர்போஸ்டாட் கருவியை ஓடவிட்டுப் பார்த்தேன். வெப்பம் 48 பாகைதான். சூடே இல்லாமல் வேகம் மட்டும் விழுந்துகிடந்தால் 'சூடாகிவிட்டது, வேகத்தைக் குறை' என்று செயலிக்குச் சொல்லும் பிராக்ஹாட் சமிக்ஞையைச் சந்தேகியுங்கள். சில்லு சூடாகாதபோதும் தாய்ப்பலகை அதை எழுப்பி வேகத்தை அடக்க முடியும். சார்ஜரைக் கழற்றினேன், சில நொடிகளில் 2,800 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவியது! அவசரத்துக்கு வாங்கிய மாற்று சார்ஜரை மடிக்கணினி அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை; அதனால்தான் அந்தச் சமிக்ஞை எழுந்து வேகத்தை அடக்கியிருக்கிறது. அசல் 65 வாட் சார்ஜரைச் செருகியதும் சரியாகிவிட்டது.

அந்தச் சமிக்ஞையை மென்பொருளால் அணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். உண்மையிலேயே சூடேறும் நாளில் காப்பதும் அதுதான். கட்டுரையில் இந்தச் சோதனையையும் சேர்த்துவிடுங்கள், ஐயா.