மேடை, ஸ்பிரைட், ரெண்டு மார்க்

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பத்தாவது படிக்கும் அக்கா மகன் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். "ஸ்பிரைட் என்றால் என்ன? மேடை என்றால் என்ன?" எனக்குக் குளிர்பானம்தான் ஞாபகம் வந்தது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், நம் மாநிலப் பாடத்திட்டத்தின் அறிவியல் புத்தகத்தில் ஸ்கிராட்ச் பற்றிய பாடம்.

ஸ்கிராட்ச் தெரியாதவர்களுக்கு: கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதப் பழகும் மென்பொருள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007இல் வெளியிட்டது. இலவசம். கட்டளைகள் வண்ண வண்ணக் கட்டைகளாக இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றை மாட்டினால் திரையில் ஒரு பூனை நடக்கும், மியாவ் என்று கத்தும். அந்தப் பூனைதான் ஸ்பிரைட், அது நிற்கிற இடம் மேடை. பிள்ளைகள் தாங்களே விளையாட்டும் கதையும் உருவாக்கட்டும் என்று செய்த பொருள். நாம் அதைக் குறுவினா ஆக்கிவிட்டோம்!

"பூனைய நடக்க வச்சுப் பாத்தியாடா?" என்றேன்.

"லேப்ல டெஸ்ட் மட்டும்தான் சித்தி எழுதுவோம்."

சரி, என் மகள் பள்ளியில் கேம் வைத்தே நடத்துகிறார்கள். திரையில் கேள்வி வரும், சீக்கிரம் அழுத்தினால் அதிகப் புள்ளி, கடைசியில் முதல் மூன்று பேர் பெயர் பட்டாசு வெடித்து வரும். முதல் மாதம் துள்ளிக்கொண்டு போனாள். அப்புறம் ஒருநாள், "யோசிச்சா தோத்துடுவோம்மா" என்றாள். பழைய பரீட்சைதான், மியூசிக் மட்டும் புதுசு.

1973இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சும்மா விளையாடவிட்டபோது அந்தக் குழந்தைகள்தான் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. புள்ளி, பேட்ஜ் என்று எந்தச் செயலி வந்தாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

விளையாட்டில் பிள்ளைகளைக் கட்டிப்போடுவது புள்ளியில்லை என்பது என் கட்சி. செல்போனில் ஒரே கட்டத்தில் நாற்பது தடவை தோற்றாலும் யாரும் கையெழுத்து வாங்கிவரச் சொல்வதில்லை. உடனே திரும்ப ஆடலாம். பள்ளிக்கூடம் கடன் வாங்க வேண்டியது அதைத்தான். அதற்கு டேப்லெட்கூட வேண்டாம், ஆடுபுலி ஆட்டம் போதும்.

அன்றைக்கு என் லேப்டாப்பில் ஸ்கிராட்ச் திறந்து கொடுத்தேன். பூனை நடந்து போய் ஓரத்தில் முட்டிக்கொண்டது, வால் மட்டும் தெரிந்தது. ஓரத்தில் பட்டால் திரும்பு என்று ஒரு கட்டையைத் தேடிப்பிடித்து மாட்டினான். திரும்பியது, ஆனால் தலைகீழாக! சிரித்து முடித்துவிட்டு அதைச் சரிசெய்ய உட்கார்ந்தவன் அரை மணிநேரம் எழுந்திருக்கவில்லை.

அடுப்படியிலிருந்து அக்கா குரல்: "நாளைக்கு டெஸ்ட்ட வச்சிக்கிட்டு அங்க என்னடா விளையாட்டு?"