பத்திரத்தில் யார் பெயர் சார்?

மனை வாங்குங்கள், 20 வருடத்தில் பத்து மடங்கு, அதுதான் குடும்பச் சொத்து என்று ஒருவர் பேசும் அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் பாக்கி இல்லை. பார்த்துவிட்டேன், இனி யாரும் அனுப்ப வேண்டாம். எல்லைக்கல்லில் ஒரு காலை வைத்து, இரண்டு பையன்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, 'வாடகைக்கு இருக்கிறவன் அடுத்தவன் குடும்பத்தை வளர்க்கிறான்' என்றாரே, அவரேதான். மகள் எங்கே என்று கமெண்டில் ஒருவர் கேட்டதற்கு, 'கேமரா பிடிக்கிறாள்' என்று பதில் போட்டு ஒரு சிரிப்பு பொம்மையும் வைத்திருக்கிறார்.

அவர் கணக்கைத் தப்பு சொல்ல மாட்டேன். 20 வருடத்தில் பத்து மடங்கு என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம் சொச்சம். நல்ல ஏற்றம்தான். இன்றைக்கு மனை வாங்கினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் போய்விடும், புரோக்கர் கமிஷன் தனி. அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. சரி, போகட்டும். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். குடும்பச் சொத்து என்கிறீர்களே, பத்திரத்தில் யார் பெயர்? நாளைக்கு யார் பெயருக்குப் போகும்?

எங்கள் அப்பாவும் மனை வாங்கியவர்தான். 1995இல், கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு கிரவுண்டு, மாதத் தவணையில். பணம் கட்டி ரப்பர் ஸ்டாம்ப் குத்தி வந்த தவணை அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயிலில் எங்களைக் கூட்டிப்போய், முள்ளுச் செடிகளுக்கு நடுவே செருப்புக் காலால் மண்ணில் கோடு போடுவார். இங்கே ஹால், இங்கே கிணறு. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட லேஅவுட். அதுதான் அப்ரூவல் என்று நம்பினார். அன்றைக்கு முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள்.

2016இல் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். மனையை விற்கலாம் என்று அட்வான்ஸ்கூட வாங்கியாயிற்று. செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்து அங்கீகாரம் ஆகாதாம், எங்கள் மனையும் அதில் மாட்டியது. அட்வான்ஸ் கொடுத்தவர் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். நவம்பரில் நோட்டும் செல்லாமல் போனது. கல்யாணத்துக்கு எனக்குப் போட்ட 25 பவுனில் 18 பவுனை அடகு வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினோம்.

தடை அப்புறம் தளர்ந்தது. மனையை வரன்முறைப்படுத்தி அங்கீகாரம் கொடுத்தார்கள். விலையும் ஏறியது, வீடியோக்காரர் சொன்ன மாதிரியே! அப்பா போன மறுவருடம் அண்ணன் போன் செய்தான். "ஒரு விடுதலைப் பத்திரம், சும்மா ஃபார்மாலிட்டிதான், ஆதாரை எடுத்துக்கிட்டு வந்துடு." என் பங்கை அவனுக்கே விட்டுக்கொடுக்கிறேன் என்று நான் எழுதித் தரும் பத்திரம் அது. சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ, கைரேகை, மொத்தமே இருபது நிமிடம். வெளியே வந்ததும் கையில் ஒரு பட்டுப்புடவைப் பெட்டி. "உனக்குத்தான் நகை போட்டாச்சே" என்றார் சித்தப்பா. அந்த நகை அன்றைக்கும் அடகுக்கடையில்தான் இருந்தது.

உடனே சிலர் வருவீர்கள், 'சட்டம் இருக்கே, கேட்டிருக்கலாமே' என்று. தெரியும் சார். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் போனால் மகளுக்கும் சம பங்கு என்று 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2005இல் திருத்தியது பூர்வீகச் சொத்துக்காக. இருக்கட்டும். பொங்கலுக்கு நான் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது?

'அம்மாவை அண்ணன்தானே பார்த்துக்கொள்கிறான்?' பார்த்துக்கொள்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. மாதாமாதம் மாத்திரை என் வீட்டிலிருந்து போகிறது. அது யார் கணக்கிலும் வராது.

'ஆம்பளைகளை மட்டும் திட்டுகிறாய்.' அன்றைக்கு அம்மாவும் எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலில் வந்ததா? மதுராந்தகம் பக்கம் ஒரு சின்ன மனையை அண்ணன் உடனே அண்ணி பெயரில் முடித்துவிட்டான். எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தியின் பெயர் பத்திரத்தில் ஏற, சர்க்கார் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருந்தது.

வீடியோவை நேற்று ராத்திரி இன்னொரு முறை பார்த்தேன். எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில், மண்ணில், கேமரா பிடித்த பெண்ணின் நிழல் விழுகிறது. ரெட்டை ஜடை.

அண்ணன் இதைப் படிப்பான். அண்ணி ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். எடுக்கட்டும்.