“பாவம், கைக்குழந்தைக்காரி”

போன ஞாயிறு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார்: “பொதுச் சேவையில் பெண்களுக்கு இன்னும் என்னம்மா குறை? அதிபராகவே ஒரு பெண் இருந்துவிட்டாரே!”

இருந்தார்தான். 2017இல் சிங்கப்பூரின் அதிபரானார் ஹலிமா யாக்கோப். அவருக்கு முன்பே, 1999இல், லிம் சூ ஹூன் நம் நாட்டின் முதல் பெண் நிரந்தரச் செயலாளரானார், அதாவது ஓர் அமைச்சின் ஆக உயர்ந்த அதிகாரி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தைப் பத்தாண்டு நடத்தியவர் சியோங் கூன் ஹியன். இந்திராணி ராஜா நாடாளுமன்ற அவைத் தலைவர். பாயசம் வந்துவிட்டதால் பக்கத்து இலைக்காரருக்குப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

உச்சியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதல்ல என் கவலை. முப்பத்திரண்டு வயதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் ஒரு பெண் அதிகாரிக்கு என்ன நடக்கிறது என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிப்பீட்டுக் கூட்டம். எந்த அமைப்பு என்று கேட்காதீர்கள், ஆளடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். குளிரூட்டி எலும்பை உறைய வைக்கும் அறை, மேசை நடுவில் ஆறிப்போன கறிபாப் தட்டு, திரையில் பெயர்கள். ஒரு பிரிவுக்குத் தலைவர் தேவை. முதல் பெயர் ஒரு பெண்ணுடையது. மலர் என்று வைத்துக்கொள்வோம். வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் மேலதிகாரி, மிகுந்த பரிவோடு, சின்னக் குழந்தைக்குப் பத்து மாதம்தான் ஆகிறது, இப்போது போய் இந்தச் சுமையையும் ஏற்ற வேண்டுமா என்றார். ‘பாவம்’ என்ற நம் சொல்லுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒன்று இல்லை. ஆனால் அந்த அறையில் எல்லார் முகத்திலும் அந்தச் சொல்தான் எழுதியிருந்தது. நானும் தலையாட்டினேன்.

வேலை அடுத்த பெயருக்குப் போனது. அவருக்கு ஆறு வாரத்துக்கு முன்புதான் மகள் பிறந்திருந்தாள். அந்தப் பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. மின்தூக்கி வாசலில் அவர் கையைக் குலுக்கி, “பிள்ளை பிறந்த நேரம், அப்பாவுக்கு யோகம்!” என்று வாழ்த்தியவர் யார் தெரியுமா? நான்தான்.

செய்தி எப்படியோ மலர் காதுக்கு எட்டியது. கோப்பிக் கடையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். “அக்கா, மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். இல்லப் பணிப்பெண் இருக்கிறாள். என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. இதில் ஒன்றையாவது யாராவது என்னிடம் கேட்டீர்களா?” என் கோப்பி ஆறும்வரை எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு வருடம் போகட்டும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அந்த இரண்டு வருடத்தின் விலை வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஓர் அதிகாரி கடைசியில் எந்தப் படிவரை ஏறுவார் என்று முன்கூட்டியே கணிக்கும் முறை நம் பொதுச் சேவையில் உண்டு. ஷெல் எண்ணெய் நிறுவனத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டது. பெரிய பொறுப்பில் திறமையைக் காட்டியவருக்குக் கணிப்பு உயரும். கணிப்பு உயர்ந்தவருக்கு இன்னும் பெரிய பொறுப்பு வரும். பணம் பணத்தோடு சேர்வது போலத்தான். மலருக்கு அடுத்த வாய்ப்பு வந்தபோது அவளுடைய கணிப்பு அப்படியே உறைந்திருந்தது. திறமை குறைந்ததாலா? காட்ட இடம் கிடைக்காததால்.

மற்றவர் வாழ்க்கையை நாமே கணித்துவிடுவது நமக்குப் பழைய பழக்கம். 1979 முதல் 2003 வரை மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம்தான். கல்யாணமானதும் தொழிலை விட்டுவிடுவார்களாம்! குடும்பத் தலைவர் ஆண்தான் என்ற கணக்கில், பெண் அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு ஆண் ஊழியரின் பிள்ளைகளைப் போல மருத்துவச் சலுகை கிடைக்கவில்லை, 2005இல்தான் சமமானது. என் மூத்தவனுக்குக் காய்ச்சல் என்று சீட்டும் கையுமாக நின்ற நாட்கள் எனக்கு மறக்காது. அவையெல்லாம் விதிகள். எழுத்தில் இருந்தன, ஒரு நாள் அடித்துவிட்டார்கள். பரிவை எந்தச் சுற்றறிக்கையில் தேடி அடிப்பது? நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மகளுக்குப் பதவி உயர்வு என்றால், “பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?” என்றுதான் சித்தியின் முதல் கேள்வி. மகனிடம் ஒரு சித்தியும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது நான் ஒன்றே ஒன்று செய்கிறேன். கூட்டத்தில் யாராவது குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், “அவரிடம் கேட்டீர்களா?” என்பேன். ஆண் பெயர் வந்தாலும் அதே கேள்விதான். சலிப்பாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

அண்மையில் அப்படிக் கேட்க வைத்ததில், கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் அதிகாரி மறு பேச்சில்லாமல் சரி என்றார். அதே வாரம் ஓர் இளம் தகப்பன், 2025 ஏப்ரல் முதல் முதலாளிகள் தந்தையருக்குக் கட்டாயமாகத் தர வேண்டிய நான்கு வார விடுப்பை முழுதாக எடுக்கப் போவதாகவும், பதவியை இரண்டு வருடம் கழித்துத் தரும்படியும் எழுதி அனுப்பினார். மேலதிகாரி அதை வாசித்து முடித்தார். அறையில் ஒருவரும் ‘பாவம்’ என்று சொல்லவில்லை. அடுத்து என்ன சொல்வது என்றும் யாருக்கும் தெரியவில்லை.