எண்ணெய் போடத் தெரியாதவள் அல்ல நான்

ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சைக்கிள் குழுவில், செயினுக்குப் பதில் பெல்ட் ஓடும் என் சைக்கிளின் படம் போடப்பட்டதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "செயினுக்கு எண்ணெய் போடத் தெரியாதவர்களுக்குத்தான் பெல்ட் சைக்கிள்" என்று அதன் கீழே எழுதியவரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் பலர் என் வீட்டில் காபி குடித்தவர்கள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா பெரம்பூரில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பத்து வயதில் அந்தக் கடையில் என் வேலை செயின் கழுவுவது. ஓவராயிலுக்கு வந்த சைக்கிளின் செயினை மண்ணெண்ணெய் ஊற்றிய பழைய டால்டா டப்பாவில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, கிழிந்த வேட்டித் துணியில் பரப்பிக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் அப்பா இரும்பு ஸ்கேலை வைத்து அளப்பார். ஒரு கண்ணிக்கு அரை அங்குலம் என்பதால் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, போனால் அந்தச் செயின் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பார். செயின் நீள்வது இரும்பு இழுபடுவதால் அல்ல, உள்ளே இருக்கும் பின்கள் தேய்ந்து இடம் கொடுப்பதால் என்பதை நான் அந்தக் கடை வாசலில்தான் கற்றேன். எண்ணெய் போடத் தெரிந்துதான், எண்ணெயே வேண்டாத சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன்.

திருவான்மியூரிலிருந்து தரமணிக்குச் சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். கடற்காற்றின் உப்பும் தெருவின் மணலும் செயின் எண்ணெயில் ஒட்டினால், அது எண்ணெயாக இருப்பதில்லை, அரைக்கும் விழுதாகிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வாசலில் தேங்கிய நீரில் இரண்டு நாள் நின்ற என் பழைய சைக்கிளின் செயின், துருவேறி, கழற்றிய பிறகும் வளைந்த நிலையிலேயே விறைத்து நின்றது. அதைவிட என்னை வருத்தியது சேலைக் கறை. வெள்ளைக் கைத்தறிச் சேலையின் ஓரத்தில் பல்சக்கரத்தின் பற்கள் வரிசையாக, கருப்புப் புள்ளிகளாகப் பதிந்திருந்ததை அலுவலகத்தில் இன்னொருவர் சொல்லித்தான் பார்த்தேன். எத்தனை சலவை செய்தும் போகவில்லை.

அக்கா பெர்லினிலிருந்து திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் வந்தது இந்த சைக்கிள். பாலியூரித்தேன் பட்டைக்குள் கார்பன் இழைகள் ஓடுகின்றன. அது துருப்பிடிக்காது, எண்ணெய் கேட்காது. மணல் ஒட்டிக் கீச்சென்றால் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும். எட்டு கியர்களும் பின் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள்ளேயே இருக்கின்றன. சேலை மாட்டவே மாட்டாது என்று நான் சொல்லவில்லை. மாட்டினாலும் கறை படாது என்கிறேன்.

"ஃபுல் செயின் கவர் போட்டால் போயிற்று" என்கிறீர்கள். அப்பா கடையின் லேடீஸ் சைக்கிள்களில் அது இருந்தது. ஒருமுறை சைக்கிள் விழுந்து தகரம் நசுங்கினால் ஒவ்வொரு மிதிக்கும் செயின் உரசும், பின் சக்கரம் பஞ்சரானால் அதைக் கழற்றுவதே தனி வேலை. "சக்தி வீணாகிறது" என்கிறீர்கள். சுத்தமாக எண்ணெய் போட்ட செயின் சற்று மேல்தான், பந்தயம் ஓட்டுபவர் செயினே வைத்துக்கொள்ளட்டும். "இது புது மோகம்" என்பவர்களுக்கு, ஜப்பானில் பிரிட்ஜ்ஸ்டோன் 1980-களிலேயே பெல்ட் சைக்கிள்களை விற்றது என்பதை மட்டும் சொல்கிறேன். விலை அதிகம்தான், ஒரு பெல்ட்டின் விலையில் பல செயின்கள் வாங்கலாம். நான் பாழாக்கிய சேலைகளை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

வழியில் அறுந்தால் யார் சரிசெய்வார் என்ற கேள்வி நியாயமானது. பெல்ட்டை வெட்டி ஒட்ட முடியாது. மடித்தால் உள்ளிழைகள் முறியும். மாட்டுவதற்குப் பின்பக்க ஃபிரேமே திறக்க வேண்டும். மாற்றுப் பெல்ட் ஒன்றை அக்கா வழியாக வரவழைத்து, வந்த சுருளாகவே அலமாரியில் வைத்திருக்கிறேன். தெருமுனைக் கடைக்காரரிடம் அது கிடைக்காது என்பது எனக்கும் வருத்தம்தான், அப்படி ஒரு கடைக்காரரின் மகள் நான்.

ஆனால் இந்த ஒரு நியாயமான கேள்வியை அன்று என்னிடம் யாரும் கேட்கவில்லையே! தெரியாதவள் என்று முடிவுகட்டித்தானே சிரித்தீர்கள்? சென்ற ஆண்டு, பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்க ஒரு பெரிய கடைக்குப் போனபோது, நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "சார் வரலையா மேடம்?" என்று என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். அந்தப் பார்வையும் ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பும் எனக்கு வேறுவேறாகத் தெரியவில்லை. அப்பா இருந்தவரை அவர் நகக்கண்களில் கருப்பு போனதே இல்லை. கல்யாண வீடுகளில் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்காருவார். அந்தக் கருப்பு என் கையிலும் இருந்தது. அதைத் தெரியாதவள் என்று என்னைச் சொல்லாதீர்கள்.

படத்தை நீக்க வேண்டாம், கீழே எழுதிய வரியைத் திருத்துங்கள். வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு திருவான்மியூர் கடற்கரையில் இருப்பேன். அப்பாவின் ஸ்கேலைக் கொண்டுவருகிறேன். எழுதியவர் தன் சைக்கிளைக் கொண்டுவரட்டும், 24 கண்ணிகளை எண்ணி அளந்து பார்ப்போம்.