மணல்திட்டை விட்டுவிட்டீர்களே

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் திமிங்கல வேட்டை அழிந்ததற்கு, விளக்கெரிக்கத் திமிங்கல எண்ணெயின் இடத்தைப் பிடித்த பெட்ரோலியமே காரணம் என்று திமிங்கல வேட்டை பற்றிய கட்டுரையை முடித்துவிட்டார் அதன் ஆசிரியர். பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டியது 1859இல். அதற்கு வெகு முன்பே அந்தத் தீவு நொடித்துப்போயிருந்தது. துறைமுக வாயிலில் கிடந்த மணல்திட்டுதான் வினை. பசிபிக் வரை போய் மூன்று நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பிய பெரிய கப்பல்களால் திமிங்கல எண்ணெய்ப் பீப்பாய்களின் பாரத்தோடு அதைத் தாண்ட முடியவில்லை. 1842இல் இருபுறமும் மிதவைகளைக் கட்டிக் கப்பலையே தூக்கிப் பார்த்தார்கள். 1846இல் ஊரில் பிடித்த பெருந்தீ வேறு. ஆழமான துறைமுகமும் 1840 முதல் ரயிலும் இருந்த, பெருநிலக் கரையிலுள்ள போட்டித் துறைமுக ஊரான நியூ பெட்ஃபோர்டு முந்தியதில் வியப்பென்ன?

அந்த ஊர் முதலாளிகளின் மாளிகைகளைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதியவர், லூயிஸ் டெம்பிளுக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. அங்கே பட்டறை வைத்திருந்த கறுப்பினக் கொல்லர் அவர். 1848இல் அவர் வடித்த ஈட்டிமுனை சதைக்குள் போனதும் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். திமிங்கலம் எவ்வளவு இழுத்தாலும் எளிதில் கழலாது. காப்புரிமை வாங்காததால் மற்ற கொல்லர்களும் அதையே அடித்து விற்றார்கள். 1854இல் டெம்பிள் இறந்தபோது, அவர் விட்டுச்சென்றது கடனடைக்கவே போயிற்று.