பாமினி கேட்ட ரீச்சரும் சிரித்த நாங்களும்

அந்த 40 வினாடிக் காணொளியை நான் திரும்பப் பகிரப் போவதில்லை. எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் நடந்த லினக்ஸ் அறிமுக வகுப்பு. லினக்ஸ் என்றால் விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடக்கூடிய இலவச இயங்குதளம். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் எழும்பி, "தம்பி, என்ர பழைய வினாத்தாள் எல்லாம் பாமினியில கிடக்கு, இதில திறபடுமோ?" என்று கேட்கிறார். மைக்கோடு நின்ற தம்பி, "ரீச்சர், நாங்கள் சுப்பர் கொம்பியூட்டரைப் பற்றிக் கதைக்கிறம், நீங்கள் இன்னும் பாமினியில நிக்கிறியள்" என்கிறார். சபை சிரிக்கிறது. யாரோ அதற்குப் பின்னணிப் பாட்டும் போட்டு ஏற்றிவிட்டார்கள்.

நானும் அங்கேதான் இருந்தேன், ஐந்தாவது வரிசையில். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசைதான். சிரித்தேன்.

சரி, கேள்விக்குப் பதில் என்ன? திறபடும். பாமினி என்பது ஒரு எழுத்துரு, அவ்வளவுதான். அந்தக் கோப்பை பென்டிரைவில் கொண்டுவந்து இரண்டு தரம் கிளிக் பண்ணி 'நிறுவு' என்பதை அமத்தினால், வேர்ட் மாதிரியான லிப்ரே ஒஃபிஸில் பழைய வினாத்தாள்கள் தமிழாகவே வரும். இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழித்திருந்தால் அன்று ஒரு ஆள் லினக்ஸுக்கு வந்திருப்பார். அவருக்குப் பின்னால் அவரிடம் படித்த அரைவாசி ஊரும் வந்திருக்கும்.

ஆனால் எங்களுக்கு அன்று நேரம் இல்லை. ஏனென்றால் முதல் 40 நிமிடமும் சரித்திரம் ஓடியது. 1983 இல் ஸ்டோல்மன் குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தது, 1991 இல் ஹெல்சிங்கியில் 21 வயது மாணவனாக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் மையப்பகுதியான கருனியை எழுதியது, 2017 இலிருந்து உலகின் முதல் 500 சுப்பர் கணினிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்பது. எல்லாம் உண்மை. எனக்கும் பிடித்த கதைகள்தான். ஆனால் அங்கே வந்திருந்த ஒருவரிடமும் சுப்பர் கணினி இல்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்துபோய், 'உங்கள் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது' என்ற அறிவிப்போடு கிடக்கிற பழைய லப்டொப்தான் இருந்தது. இன்ரெல் எட்டாம் தலைமுறைச் சில்லுக்கு முந்திய அந்தப் பெட்டிகளைக் கடைக்காரர் 'எறியுங்கோ' என்கிறார். 2022 இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறினதைப் பார்த்த சனம் அது. எறிய மனம் வராமல்தான் ஞாயிறு வெயிலில் வந்து இருந்தது.

கதை சொல்லியே ஆகவேண்டுமென்றால் சஹானாவைச் சொல்லியிருக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவதற்கு எங்கள் இலங்கைக் கணினிக்காரர்களே எழுதிய, யாரும் எடுத்து மாற்றிப் பாவிக்கக்கூடிய கட்டற்ற மென்பொருள். மருதங்கேணியில் அலை பார்த்த ஒரு ஆளுக்கு ஹெல்சிங்கியை விட அது விளங்கும்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. வந்த ஆளிடம் முதலில் கேளுங்கோ: 'என்ன வேலைக்குக் கணினி வைச்சிருக்கிறியள்?' அதைக் கேட்காமல் ஆரம்பிக்கிற எந்த அறிமுகமும் அறிமுகம் இல்லை, தம்பட்டம்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2010 இல் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 10.04 சீடியைத் தபாலில் இலவசமாக எடுப்பித்தவன் நான். அப்போது கேட்டால் அனுப்புவார்கள். அடுத்த வருடத்தோடு அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். தபால்காரர் மணியடித்துத் தந்த அந்த மட்டை உறையை ஒரு கிழமை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு இரவு துணிந்து போட்டேன். 'முழு வன்தட்டையும் பயன்படுத்து' என்று கேட்டது. அதிலுள்ளதெல்லாம் அழியும் என்று விளங்காமல் ஓம் என்றேன். அக்காவின் கலியாணப் படங்கள் முழுக்க அந்த வன்தட்டில்தான் இருந்தன.

அடுத்த நாள் எங்கள் ஊரில் லினக்ஸ் தெரிந்தவர் என்று பெயர் எடுத்திருந்த ஒரு அண்ணையிடம் ஓடினேன். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் கிடக்கிறது: "வாசிக்காமல் அமத்தினால் அப்படித்தான். இது எல்லாருக்கும் சரிவராது தம்பி." இரண்டு வருடம் லினக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கள்ள விண்டோஸோடு சுகமாக இருந்தேன். பிறகு கஸ்தூரியார் வீதிப் பக்கம் திருத்தவேலை செய்த வேறொரு அண்ணை, "நீர் இதில என்ன செய்யிறனீர்?" என்று மட்டும் கேட்டார். "பாட்டு, படம், கொஞ்சம் தட்டச்சு" என்றேன். பென்டிரைவில் இருந்தே மின்ட் என்ற இன்னொரு லினக்ஸைக் கிளப்பி, வன்தட்டைத் தொடாமல், பாட்டுப் போட்டுக் காட்டினார். டோர்வால்ட்ஸின் பெயரை அவர் சொல்லவே இல்லை. அன்றைக்கு வந்தவன் இன்னும் போகவில்லை.

இப்போது வருவார்கள். 'கட்டளைகளை அடிக்கிற டெர்மினல் தெரியாமல் லினக்ஸ் படித்து என்ன பிரயோசனம்?' ஐயா, கார்புரேற்றர் கழற்றத் தெரியாமல் மோட்டார்சைக்கிள் ஓடுகிறவர்தானே நீங்கள்? 'பாமினியைக் கட்டிப்பிடித்தால் தமிழ் எப்போது யூனிகோடுக்கு மாறும்?' இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். மாறத்தான் வேண்டும். யூனிகோடில் அடித்தது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும். பாமினி இல்லாத கணினியில் அந்த வினாத்தாள் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஆனால் ஆங்கில விசைகளில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு 'தமிழ்' அடிக்கிற விரல்கள் அவை. அந்த விரலைச் சிரித்து மாற்ற முடியாது. லினக்ஸில் ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது, தமிழ்99உம் இருக்கிறது. பழையதைத் திறந்து காட்டிவிட்டுப் புதியதைக் காட்டலாம் அல்லவா.

'பிரிண்டர் வேலை செய்யாது, கணக்கு மென்பொருள் ஓடாது' என்கிறவர்களுக்கு: சிலது ஓடாதுதான். அப்படியானவர் விண்டோஸிலேயே இருக்கட்டும். அதையும் கேட்டால்தானே தெரியும்.

பிறகு, 'இலவசமாகச் சொல்லிக்கொடுக்க வந்த பெடியனை இப்படி எழுதலாமா, நீ என்ன செய்து கிழித்தாய்?' ஒன்றும் கிழிக்கவில்லை. அந்தப் பெடியனும் கெட்டவன் இல்லை. சொந்தக் காசில் இருபது பென்டிரைவ் வாங்கி வந்தவன். எனக்குக் கோபம் அவனில் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் ரீச்சர் கேட்டபோது பதில் எனக்குத் தெரியும். ஐந்தாவது வரிசையில் இருந்து எழும்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 1990களில் யுத்தத்துக்குள் பற்றரிக்கும் தடை, சைக்கிளை நிறுத்திவைத்து மிதித்து டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. மண்ணெண்ணெய்யில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய ஊர். அப்போது யாரும் 'டைனமோவின் தத்துவம் தெரியுமோ' என்று கேட்டு மிதிக்க விடவில்லை. தெரிந்தவன் கட்டிக்கொடுத்தான், தெரியாதவன் மிதித்தான், இரண்டு பேரும் செய்தி கேட்டார்கள். தெரிந்ததைத் தெரியாதவரின் தலையில் குட்டுவதற்கு வைத்திருக்கிற பழக்கம் எங்கேயிருந்து ஒட்டியதோ. ரியூசன் கொட்டிலில் பிழையாகக் கைதூக்கினவனைப் பார்த்துச் சிரித்த நாளில் இருந்தாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ரீச்சர் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். காணொளியைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அவருடைய கணினி ஐந்தாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரம். முதலில் வினாத்தாள்களை எல்லாம் வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, திறந்து பார்த்து, அவரையும் பார்க்க வைத்து, அதன் பிறகுதான் பழைய பெட்டிக்குப் பாரமில்லாத மின்ட் எக்ஸ்எஃப்சிஈ போட்டேன். எனக்கு அக்காவின் கலியாணம் நினைவு. பாமினியை ஏற்றினேன். 2003 ஆம் ஆண்டுத் தரம் 8 வினாத்தாள் திறந்தது. அவர் புதிதாக ஒரு வரி அடித்தார். 'தமிழ்' என்று தொடங்கிய வசனம் 'துமிழ்' என்று வந்தது. முகம் மாறிவிட்டது. வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்குகிற தானியங்கித் திருத்தம் செய்த வேலை அது. சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. விண்டோஸிலும் இதே கூத்துத்தான். அதை நிறுத்திவிட்டேன். "அட, இருபது வருசமா ஒவ்வொரு முதல் எழுத்தையும் அழிச்சு அழிச்சு அடிச்சனான்" என்றார். இருபது வருடமாக அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்கானர் இன்னும் சரிவரவில்லை. சனிக்கிழமை திரும்பப் போகிறேன். புறப்படும்போது, கனடாவில் இருக்கிற பேரன் எடுத்து, "அம்மம்மா, நீங்கள் வீடியோவில வாறியளாம்" என்று சொன்னதாகச் சொன்னார். இன்னும் பார்க்கவில்லையாம், புதுக் கணினியில் நான் வந்து போட்டுக் காட்ட வேண்டுமாம்.

ஏற்றினவர் யாரென்று எனக்குத் தெரியும். சனிக்கு முன்னம் எடுத்துவிடும், தம்பி.