கார்த்திக் என்று பெயர் வைத்தால்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் கல்யாண வீடுகளில் பாடுகிறேன். என் பெயர் கார்த்திக். தொல்லைக்கு அது ஒன்றே போதும். அழைப்பிதழில் பெயரைப் பார்த்ததும், சென்னையிலிருந்து பாடகர் கார்த்திக்கே வருகிறாராம் என்று யாராவது வாட்ஸப்பில் தட்டிவிடுகிறார்கள். நான் மேடையேறி மைக்கைப் பிடித்ததும் முன்வரிசையில் முகங்கள் சுருங்குகின்றன. பாட்டு பிறகுதானே, முதலில் ஏமாற்றம்!

வயதான ஆயாக்களுக்கு வேறு கார்த்திக்: 1981-ல் ‘அலைகள் ஓய்வதில்லை’யில் அறிமுகமான நடிகர். பேரப்பிள்ளைகளுக்கோ கார்த்தி. ஓர் ஒற்றெழுத்துக்கு யார் கவலைப்படுகிறார்கள்? “அண்ணன் சூர்யா சௌக்கியமா?” என்று கேட்டுவிட்டு அவர்களே சிரித்துக்கொள்கிறார்கள்.

அந்த அண்ணன் கதையைக் கேளுங்கள். அவர் சொந்தப் பெயர் சரவணன். ஏற்கெனவே ஒரு சரவணன் நடித்துக்கொண்டிருந்ததால், 1997-ல் சினிமாவுக்கு வந்தபோது சூர்யா ஆனார். ஹாலிவுட் நடிகர் சங்கத்தில் ஒரே பெயரில் இருவர் பதிய முடியாது. மைக்கேல் டக்ளஸாகப் பிறந்த ஒருவர் மைக்கேல் கீட்டன் ஆனது அப்படித்தான். கல்யாணப் பாடகனுக்கு எந்தச் சங்கம்?

குடும்பப் பெயரையும் சேர்த்துப் போடு என்கிறார் மாமா. நல்ல யோசனை! டர்பனில் கோவெண்டர் என்று கூப்பிட்டால் பாதி மண்டபம் திரும்பிப் பார்க்கும்.

சரி, பெயரால் கூட்டமாவது வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆனால் பணம் பேசும்போது மட்டும், நான் உள்ளூர் கார்த்திக் என்பது எல்லோருக்கும் தெளிவாக நினைவிருக்கிறது.